காக்பிட்டில் பேசப் பழகுதல்

ஒரு நவம்பர் இரவு, நல்ல மழை. சென்னையில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியே மொட்டை மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் தெரியத் தொடங்கிவிட்டன. இதோ சக்கரம் தரையைத் தொடும் என்று காத்திருந்த நேரத்தில் இன்ஜின்கள் உறுமின; விமானத்தின் மூக்கு மேலே எழும்பியது; கண்ணுக்குத் தெரிந்த விளக்குகள் எல்லாம் மேகத்துக்குள் மறைந்தன. பக்கத்து இருக்கை அம்மா "முருகா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சில நிமிடங்கள் கழித்து, சுற்றி வந்து மறுபடி இறங்கப்போகிறோம் என்று கேப்டன் அறிவித்தார். இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டோம். பெட்டிக்காகக் காத்திருந்த இடத்தில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பைலட் புதுசு போல. ஒரே தடவையில இறக்கத் தெரியலையே."

அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால், இறங்கப் போன விமானத்தை மறுபடி மேலே தூக்கிச் செல்வது விமானிகள் வருடக்கணக்கில் பழகும் ஒரு திறமை. 'கோ அரவுண்ட்' என்று அதற்குப் பெயர். அந்த இரண்டு சொற்களை உரிய நொடியில் சொல்வதும், சொன்னதைக் கேட்பதும் நடக்காமல் போன இரண்டு இரவுப் பயணங்களில், நம் பக்கத்து மாநிலங்களிலேயே 179 பேர் இறந்திருக்கிறார்கள்.

முதலாவது மங்களூரு, 2010 மே 22. துபாயிலிருந்து இரவெல்லாம் பறந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், காலை 6 மணி தாண்டிய சில நிமிடங்களில் இறங்க முயன்றது. குன்றின் தலையைச் சீவி அமைத்த ஓடுபாதை அது; முடிவைத் தாண்டினால் பள்ளத்தாக்கு. கேப்டன் வழியில் நீண்ட நேரம் தூங்கியிருக்கிறார். குரல் பதிவுக் கருவியில் அவருடைய மூச்சுச் சத்தம்கூடப் பதிவாகியிருந்தது. விழித்த பின்னும் விலகாத தூக்கக் கலக்கம் அவருடைய முடிவுகளைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணைக் குழு கருதியது. விமானம் வரவேண்டிய உயரத்தைவிட மிக உயரத்தில் வந்தது. துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' சொன்னார். கேப்டன் இறக்கினார். ஏறத்தாழ 8,000 அடி நீள ஓடுபாதையில் சுமார் 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரங்கள் தரை தொட்டன. 166 பேரில் 8 பேர் பிழைத்தார்கள்.

இரண்டாவது கோழிக்கோடு, 2020 ஆகஸ்ட் 7. கொரோனா காலத்தில் வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவர்களைத் துபாயிலிருந்து அழைத்து வந்த விமானம், 190 பேர். கொட்டுகிற மழை. கேப்டன் பக்கத்துக் கண்ணாடியின் வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. முதல் முயற்சியில் ஓடுபாதை தெரியாமல் சரியாகவே 'கோ அரவுண்ட்' செய்தார்கள். அடுத்த முயற்சி எதிர்த் திசையிலிருந்து. இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் விமானம் தரை தொட்டது. தொடுவதற்குச் சற்று முன் துணை விமானி எச்சரித்தார், 'கோ அரவுண்ட்' என்றும் சொன்னார். 21 பேர் இறந்தார்கள், இரு விமானிகளும் அவர்களில் அடக்கம். விபத்துப் புலனாய்வுப் பிரிவின் அறிக்கை காரணத்தை இரண்டு பாதியாகப் பிரித்துச் சொன்னது. சொல்லியும் கேப்டன் மேலே போகவில்லை என்பது ஒரு பாதி. கேப்டன் கேட்காதபோது துணை விமானி விமானத்தைத் தன் கையில் எடுக்கவில்லை என்பது மறு பாதி.

அந்த இரண்டாவது பாதியைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. மழை இரவு, பல்லாயிரம் மணி நேரம் பறந்த மூத்தவர் பக்கத்தில், முடிவெடுக்கச் சில நொடி. அந்த நொடியில் ஓர் இளைஞர் மூத்தவரின் கையிலிருந்து விமானத்தை வாங்க வேண்டும். தானாக வருகிற துணிச்சல் இல்லை இது. யாராவது சொல்லிக்கொடுத்து, பலமுறை செய்ய வைத்து, செய்ததற்காகத் தட்டிக்கொடுத்திருந்தால்தான் வரும். இன்றைய விமானிப் பயிற்சியின் மையத்தில் இருப்பது அந்த வேலைதான்.

அந்தப் பயிற்சிக்கு 'த்ரெட் அண்ட் எரர் மேனேஜ்மென்ட்' என்று பெயர். விமானிகள் சுருக்கமாக 'டெம்' என்பார்கள். இடரையும் தவறையும் சமாளித்தல் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அது பிறந்த கதைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1972 டிசம்பர் 29 இரவு, அமெரிக்காவின் மயாமி நகரை நெருங்கிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாக இறங்கியிருந்தது, பல்புதான் பழுது. காக்பிட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2,000 அடியில் நிற்க வேண்டிய விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ரேடாரில் உயரம் குறைவதைப் பார்த்த தரைக் கட்டுப்பாட்டாளர், அங்கே எல்லாம் எப்படிப் போகிறது என்று பொதுவாகக் கேட்டார். உங்கள் உயரம் குறைகிறது என்று அவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. விமானம் சதுப்பு நிலத்தில் மோதி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆறு வருடம் கழித்து, 1978 டிசம்பர் 28. போர்ட்லண்ட் நகருக்கு மேல் யுனைடெட் விமானம் ஒன்று சக்கரப் பிரச்சினைக்காக ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமடித்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. கேப்டனின் கவனமெல்லாம் சக்கரத்தில். மற்ற இருவரும் எரிபொருளைப் பற்றிச் சொல்லத்தான் செய்தார்கள், ஆனால் தயங்கித் தயங்கி, ஜாடையாக. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று விமானம் ஊருக்குள் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். பழுதில்லாத விமானங்கள் ஏன் இப்படி விழுகின்றன என்று விவாதிக்க அடுத்த வருடம் நாசா ஒரு பட்டறை கூட்டியது. 1981-இல் யுனைடெட் தன் விமானிகளுக்குக் கூட்டாகச் செயல்படும் பயிற்சியைத் தொடங்கியது. காக்பிட்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பயன்படுத்திக்கொள்ளப் பழக வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆரம்பத்தில் பல விமானிகளுக்கு இது பிடிக்கவில்லை. வகுப்பறையில் உட்கார வைத்து மனோதத்துவம் போதிக்கிறார்கள் என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் முணுமுணுப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். நன்றாகப் பழகு, விட்டுக்கொடு, காது கொடுத்துக் கேள் என்றால் சரி, ஆனால் எதைப் பற்றிப் பேச வேண்டும், எப்போது பேச வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சாதாரணமாகப் பறந்து, சாதாரணமாக இறங்கிய விமானங்களிலிருந்து.

1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹெல்ம்ரைக் என்ற உளவியலாளரின் குழு, காக்பிட்டில் விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் மடக்கு இருக்கையில் பார்வையாளர்களை உட்காரவைத்துப் பயணங்களைக் கவனித்தது. விமானியின் பெயரை எழுதுவதில்லை. எழுதியதை வைத்து யாரையும் தண்டிப்பதில்லை என்று நிறுவனமும் விமானிகள் சங்கமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கும். அந்த வாக்குறுதிதான் இந்த முறையின் உயிர். அது இல்லாவிட்டால், மாமியார் வந்த வீட்டில் எல்லாப் பாத்திரமும் பளபளக்கிற மாதிரி, பார்வையாளர் ஏறியதும் எல்லோரும் புத்தகப்படி பறந்து காட்டியிருப்பார்கள்.

கிடைத்த படம் விமானத் துறையை உலுக்கியது. ஒரு சராசரிப் பயணத்தில் சுமார் நான்கு இடர்கள் குறுக்கிடுகின்றன. ஐந்தில் நான்கு பயணங்களில் விமானிகள் குறைந்தது ஒரு தவறாவது செய்கிறார்கள். அனுபவசாலிகள், திறமைசாலிகள், எல்லோருமே. பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாமல் கரைந்துபோகின்றன. யாரோ ஒருவர் கவனித்துச் சரிசெய்துவிடுகிறார், அல்லது அதிர்ஷ்டம் காப்பாற்றுகிறது. தவறே செய்யாத விமானி என்று ஒருவர் இருப்பார், அவரைப் போல எல்லோரையும் ஆக்கிவிடலாம் என்று அதுவரை பயிற்சி முறை நம்பிவந்தது. அந்த நம்பிக்கை அங்கே உடைந்தது. தவறு வரும். அது வளர்வதற்கு முன் யார் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொடுப்போம் என்று திரும்பினார்கள். 1996-இல் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் தன் பயணங்களை முழுமையாக இந்த முறையில் ஆராய்ந்து, கண்டதை வைத்துப் பயிற்சியை மாற்றியது. சில வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது, சீரில்லாமல் இறங்க முயலும் பழக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. பிறகு சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பும் இதை விமானிகளின் பயிற்சி விதிகளில் சேர்த்தது.

இந்தப் பயிற்சியில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். விமானிக்கு வெளியிலிருந்து வருவது இடர்: மழை, பறவைக் கூட்டம், மலை, ஒரே மாதிரி எண் கொண்ட இரண்டு விமானங்கள் ஒரே அலைவரிசையில் பேசுவது, கடைசி நேரத்தில் ஓடுபாதையை மாற்றுகிற கட்டுப்பாட்டுக் கோபுரம், பழுதோடு அனுமதிக்கப்பட்ட ஒரு கருவி, தாமதமாகிவிட்டதே என்ற நெருக்கடி. விமானி செய்வது தவறு: எண்ணை மாற்றி அழுத்துவது, பட்டியலில் ஒரு வரியை விட்டுவிடுவது, காதில் விழுந்ததைத் தப்பாகப் புரிந்துகொள்வது. இவற்றில் ஒன்றைப் பிடிக்காமல் விட்டால் விமானம் போய் நிற்கும் இடம் மூன்றாவது சொல். இருக்கக் கூடாத உயரம், இருக்கக் கூடாத வேகம், இருக்கக் கூடாத திசை. வேண்டாத நிலை என்போம். அதற்கு அப்புறம் விபத்துதான்.

2022 மே 23 அன்று பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் நடந்ததைப் பார்த்தால் இந்த மூன்றும் எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்பது தெரியும். விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும் கருவி. அன்றைய அழுத்தம் எவ்வளவு என்று தரையிலிருந்து சொல்லுவார்கள். விமானிகள் ஒரு குமிழைத் திருகி அந்த எண்ணை வைப்பார்கள். அன்று அழுத்தம் 1001. கட்டுப்பாட்டாளர் 1011 என்று சொல்லிவிட்டார். ஒரே ஓர் இலக்கம். விமானிகள் 1011 என்றே வைத்தார்கள். ஓர் அலகுக்குச் சுமார் 28 அடி என்று கணக்குப் போட்டால், விமானம் தான் இருப்பதாக நினைத்த உயரத்தைவிட 280 அடி கீழே பறந்துகொண்டிருந்தது. மழை, மேகம். வழக்கமாகச் சரிவுப் பாதையை ரேடியோ அலையால் காட்டும் தரைக் கருவி அன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்ததால், இறங்கும் முறையே அந்த உயரமானியை நம்பி நின்றது.

திரையில் எல்லாம் அழகாக இருந்தது. சரியான கோட்டில், சரியான சரிவில் போவதாகவே கருவிகள் காட்டின. இன்னும் கீழே இறங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய உயரம் வந்ததாக உயரமானி சொன்னபோது விமானிகள் வெளியே பார்த்தார்கள். ஓடுபாதை தெரியவில்லை. தெரியவில்லை என்றால் மேலே போ என்பது விதி, போனார்கள். அந்தக் கணத்தில், ஓடுபாதைக்கு இன்னும் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போதே, விமானத்துக்கும் தரைக்கும் இடையே இருந்த தூரம் 6 அடி. ஓர் ஆள் உயரம். அவர்களுக்கு அது தெரியாது.

இந்தச் சம்பவத்தை நான் விமானியாக இல்லாத நண்பர்களிடம் சொன்னால், யார் தப்பு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எண்ணைச் சொன்னவரா, சரிபார்க்காதவர்களா? பயிற்சி வகுப்பில் வேறு கேள்வி கேட்பார்கள்: 1011 என்று கேட்ட காதுக்கு அது உறுத்த வேறு எது உதவியிருக்கும்? தானியங்கி வானிலை அறிவிப்பில் வேறு எண் வந்திருந்ததே, அதோடு ஒப்பிட்டிருக்கலாமே? உயரமானியைத் தவிர வேறு கருவியைப் பார்க்கப் பழக்கியிருக்கிறோமா? இடரை முன்கூட்டியே பேசியிருந்தால், அதாவது இன்று நம் உயிர் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது என்று இறங்கத் தொடங்குமுன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், எண் வந்தபோது காது கூர்மையாக இருந்திருக்கும்.

அதனால்தான் இறங்குவதற்கு முன் இரு விமானிகளும் பேசிக்கொள்ளும் பேச்சை இப்போது வேறு விதமாகக் கற்றுத்தருகிறார்கள். முன்பெல்லாம் வரைபடத்தில் இருப்பதை ஒருவர் ஒப்புவிப்பார், மற்றவர் தலையாட்டுவார். இப்போது முதல் கேள்வி, இன்று நம்மை எது கவிழ்க்கும் என்பது. மழையா, நீளம் குறைந்த ஓடுபாதையா, காலை நான்கு மணித் தூக்கமா? தூக்கம் என்றால், எனக்குக் கண் சொக்குகிறது என்று கேப்டனே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் துணை விமானியின் கண் இரண்டு மடங்கு விழித்துக்கொள்ளும். சொல்லாமல் மறைத்தால் காக்பிட்டில் ஒன்றரை விமானிதான் இருக்கிறார்.

வேண்டாத நிலையைப் பற்றி ஒரு பாடம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான், ஏனென்றால் அது மனித சுபாவத்துக்கே எதிரானது. விமானம் இருக்கக் கூடாத இடத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், அது எப்படி வந்தது என்று தேடாதே. முதலில் அங்கிருந்து வெளியே எடு. இறங்கும் பாதையைக் கணினியில் தப்பாகப் பதித்ததால் விமானம் அதிக உயரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பைச் செய்த விமானிக்குக் கை பரபரக்கும். குனிந்து, மறுபடி விசைகளைத் தட்டித் திருத்தப் பார்ப்பார். மற்றவரும் எட்டிப் பார்ப்பார். நான்கு கண்களும் சின்னத் திரையில். மயாமியில் பல்பு செய்த வேலை அதுதான். தவறைத் திருத்துவது வேறு, விமானத்தை ஓட்டுவது வேறு என்று உடம்பில் ஏறும்வரை இதைப் பழக்குகிறார்கள்.

பழக்கும் இடம் சிமுலேட்டர். வெளியே பார்த்தால் நெடிய இரும்புக் கால்கள் மேல் நிற்கும் வெள்ளைப் பெட்டி. உள்ளே நுழைந்தால் அசல் காக்பிட், அதே இருக்கை, அதே விசைகள். கண்ணாடிக்கு வெளியே இரவும் மழையும் ஓடுபாதை விளக்குகளும். ஒரு காலத்தில் இங்கே நடந்ததெல்லாம் இன்ஜினில் தீ, இன்ஜின் நின்றது, சக்கரம் இறங்கவில்லை என்ற பெரிய சோதனைகள்தான். அவை இன்றும் உண்டு. ஆனால் ஒரு முழுப் பயணத்தை, புறப்பாட்டிலிருந்து இறங்கும்வரை, நடுவில் நிறுத்தாமல் ஓட்டவைக்கும் பயிற்சிதான் தவறைப் பிடிக்கக் கற்றுத்தருகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பயிற்றுநர் வாயைத் திறக்க மாட்டார். சின்னச் சின்னக் கற்களை மட்டும் வழியில் போடுவார்.

ஓர் அமர்வைக் கிட்டத்தில் இருந்து பார்ப்போம். இரவுப் பயணம், முக்கால் மணி நேரம் தாமதம். இறங்கும்போது வேகம் குறைக்க உதவும் அமைப்பு ஓர் இன்ஜினில் வேலை செய்யாது. விதிப்படி அப்படியே பறக்கலாம். இது முதல் கல். இறங்கத் தொடங்கும்போது விமானப் பணிப்பெண் குரலில் பயிற்றுநர் அழைக்கிறார்: ஒரு பயணிக்கு மயக்கம். இரண்டாவது கல். 12 மைல் இருக்கும்போது கோபுரம் ஓடுபாதையை மாற்றச் சொல்கிறது, முடியுமா என்று கேட்கிறது. கேப்டன் உடனே முடியும் என்கிறார். மூன்றாவது கல்லை அவரே எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். புதிய ஓடுபாதைக்குப் பின்காற்று. அதையும் வேலை செய்யாத அந்த அமைப்பையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க இருவருக்கும் நேரமில்லை. துணை விமானி கணினியில் பாதையை மாற்றுகிறார், மயங்கிய பயணிக்காக ஆம்புலன்ஸ் கேட்கிறார், பட்டியலைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி எடுக்கிறார். எங்கும் தீயில்லை, எச்சரிக்கை மணியில்லை. விமானம் மட்டும் கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் வேகமாக வந்துகொண்டிருக்கிறது.

1,000 அடி. இது ஒரு வாசல். இந்த உயரத்தில் சக்கரம் இறங்கியிருக்க வேண்டும், இறக்கையின் மடிப்புகள் விரிந்திருக்க வேண்டும், வேகம் குறித்த அளவுக்குள் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. ஒன்று குறைந்தாலும் மேலே போக வேண்டும். இங்கிருந்து தரைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடம். நம் அமர்வில் துணை விமானி வேகத்தைப் பார்க்கிறார், கேப்டனைப் பார்க்கிறார், "சார், கொஞ்சம் வேகமா வர்றோமோ?" என்கிறார். "குறைஞ்சுடும்" என்கிறார் கேப்டன். குறையவில்லை. 400 அடியில்தான் துணை விமானி 'கோ அரவுண்ட்' சொல்கிறார்.

பிறகு பக்கத்து அறையில் காபியோடு உட்கார்ந்து பேசுவார்கள். நல்ல பயிற்றுநர் மதிப்பெண் தாளை முதலில் எடுப்பதில்லை. அந்தக் கணத்தின் பதிவை ஓட்டிக் காட்டிவிட்டு, "இந்த இடத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்பார். துணை விமானி தயங்கிச் சொல்வார்: எனக்கு அப்பவே தெரிஞ்சுது சார், ஆனா அவருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். கேப்டன் சொல்வார்: நீங்க கேள்வியாக் கேட்டதால அது பெரிசா தோணல. இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே மேசையில் வந்து விழுந்துவிட்டால் அன்றைய பயிற்சிக்கு அது போதும் என்பேன். மங்களூருவும் கோழிக்கோடும் போர்ட்லண்டும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நடந்தன.

நம் ஊரில் இது இன்னும் கடினம். மூத்தவரைத் திருத்துவது மரியாதைக் குறைவு என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். அப்பா வழி தவறி வண்டி ஓட்டினால்கூட, "இந்தப் பக்கமா போனா சுத்து ஜாஸ்தியாகுமோ?" என்றுதான் கேட்போம். சொல்ல வேண்டியதைக் கேள்வியாக மடித்துக் கொடுப்பது நம் நாக்கில் ஊறியது. அழகான பண்புதான், மறுக்கவில்லை. ஆனால் நொடிக்கு 70 மீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் அந்த மடிப்பைப் பிரித்துப் படிக்க யாருக்கும் நேரமில்லை. எல்லா நாட்டுக்கும் இது பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது; மயாமிக் கட்டுப்பாட்டாளரும் போர்ட்லண்ட் விமானிகளும் அமெரிக்கர்கள்தான்.

இதற்குப் பயிற்சி கண்டுபிடித்த வழி எளிமையானது. மரியாதையை மனிதர்களுக்கு விட்டுவிட்டு எண்களைப் பற்றி மட்டும் பேசு. 'ஸ்பீட்' என்றால் வேகம் அளவைத் தாண்டிவிட்டது. 'சிங்க் ரேட்' என்றால் மிக விரைவாக இறங்குகிறோம். 'அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்' என்றால் மேலே போ. ஒரு சொல்லில் முடிகிற இந்த அழைப்புகளில் சார் இல்லை, கேள்விக்குறி இல்லை, நீங்கள் தப்பு செய்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டும் இல்லை. கேப்டனுக்கும் பதில் ஒன்றே. சரிசெய்கிறேன் என்று வாயால் சொல்லிச் சரிசெய்ய வேண்டும், அல்லது மேலே போக வேண்டும். இரண்டு முறை அழைத்தும் பதில் இல்லையென்றால், எதிரில் இருப்பவர் செயலிழந்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டு, 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்லித் துணை விமானி விமானத்தை வாங்க வேண்டும். உயரம் இருந்தால் படிப்படியாகப் போகலாம்: முதலில் கேட்பது, பிறகு எச்சரிப்பது, பிறகு இதை ஒப்புக்கொள்ள முடியாது என்பது, கடைசியில் கையில் எடுப்பது. தரைக்கு அருகில் கடைசிப் படிக்கு மட்டும்தான் நேரம் இருக்கும். அதனால் சிமுலேட்டரில் கேப்டன் வேண்டுமென்றே பேசாமல் உட்கார்ந்திருப்பார். துணை விமானி அவர் கையிலிருந்து விமானத்தை வாங்கும்வரை அந்தப் பயிற்சி முடியாது. முதல் முறை செய்யும்போது குரல் நடுங்கும் என்பார்கள். நடுங்கட்டும், அங்கே நடுங்கினால் பரவாயில்லை.

கேப்டன்களுக்கு வேறு பயிற்சி. சொல்ல வருபவரின் வழியை அடைக்காமல் இருப்பது. ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தால் தன் கருத்தை முதலில் சொல்லாமல், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று துணை விமானியிடம் கேட்டுவிட்டுப் பிறகு தன்னுடையதைச் சொல்வது. கேப்டன் முதலில் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஆமாம் சாமிதான். இது எவ்வளவு பெரிய வித்தை என்பதற்கு 1989 ஜூலை 19-ஐச் சொல்வார்கள். நடு இன்ஜின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செத்துப்போன யுனைடெட் விமானத்தில், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு விமானியை கேப்டன் அல் ஹேன்ஸ் காக்பிட்டுக்குள் அழைத்து, மீதி இரண்டு இன்ஜின்களின் விசையைக் கூட்டிக் குறைத்து விமானத்தைத் திருப்பும் வேலையை அவரிடம் கொடுத்தார். அயோவாவின் சூ சிட்டியில் விமானம் நொறுங்கித்தான் இறங்கியது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கூட்டாகச் செயல்படக் கற்றுத்தந்த பயிற்சிதான் காரணம் என்று ஹேன்ஸ் பின்னால் ஊர் ஊராகச் சொல்லிவந்தார்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். உலகெங்கும் சீரில்லாமல் இறங்க வரும் விமானங்கள் நூற்றில் மூன்று நான்குதான் என்று ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆய்வு சொல்கிறது. அந்தக் கொஞ்சத்திலும் மேலே போகிறவை நூற்றில் மூன்றுதான். மீதி எல்லாம் அப்படியே இறங்குகின்றன, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததே பெரிய கெட்ட பாடம். போன முறை சரியாகப் போனதே என்ற நினைப்பு அடுத்த முறைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைப் பயிற்சி மட்டும் மாற்றிவிடாது. மேலே போனதற்காக ஒரு விமானியிடம் விளக்கம் கேட்கும் நிறுவனத்தில், எரிபொருள் செலவைச் சுட்டிக்காட்டும் நிறுவனத்தில், சிமுலேட்டரில் கற்றது வாசலோடு நின்றுவிடும். கோழிக்கோட்டில் கேப்டன் மறுநாள் காலைப் பயணத்துக்கும் பட்டியலிடப்பட்டிருந்ததும், அங்கே கேப்டன்கள் போதுமான அளவில் இல்லாததும், எப்படியாவது அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தை ஊட்டியிருக்கலாம் என்று அறிக்கை பதிவு செய்திருக்கிறது. காக்பிட்டில் இருவரும் பேசப் பழகிவிட்டார்கள் என்றால், அடுத்து அலுவலக மேசைகள் கேட்கப் பழக வேண்டும்.

நான் வந்த அந்த விமானத்தில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. காற்று மாறியிருக்கலாம், ஓடுபாதையில் இன்னொரு விமானம் நின்றிருக்கலாம், வேகம் கூடியிருக்கலாம். ஆனால் இந்தப் பயிற்சியில் தேறியவர்கள் அதன் பிறகு செய்வது தெரியும். பயணிகள் எல்லோரும் இறங்கி, இன்ஜின்கள் அடங்கி, கதவோரம் துப்புரவுப் பணியாளர்கள் காத்திருக்கும்போது, இருவரும் பெல்ட்டைக் கழற்றாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். எதைக் கவனித்தோம், எதைத் தாமதமாகக் கவனித்தோம், அடுத்த முறை எந்த உயரத்திலேயே சொல்லலாம் என்று பேசுவார்கள். மூத்தவர்தான் அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும், தன் தவறிலிருந்து.